எங்கள் வீடு மாதிரிக் குடும்பமான கதை

போன மாதம் எங்கள் சபையில் குடும்ப நலக் கூட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். பேச வந்தவருக்கு என் கடைசி மகன் வயதுகூட இருக்காது. காதோரம் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, சுவரில் படம் படமாகப் போட்டுக் காட்டி, "கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அடையாளம் என்ன தெரியுமா? அந்த வீட்டில் குரல் உயராது" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். "அத்தை, இங்க எதுவும் கேட்டு வெக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. அதனால்தான் இதை உங்களிடம் கொட்டுகிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். குரல் உயராத வீட்டுக்குள் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டில் நான் ஓர் உப்புப் பருவத்தின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். அம்மா அப்பாவிடம் பேசவே இல்லை. அந்த வீட்டுக்குத்தான் சபையில் மாதிரிக் குடும்பம் என்று பட்டமும் கட்டினார்கள். சிரிக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் மண்பாதை ஓரம் எங்கள் வீடு. அப்பா சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். ஊரில் கிறிஸ்தவ வீடுகள் விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான். அதில் அப்பா சபை மூப்பர் வேறு. நாலு பேர் நம்மைப் பார்த்துத்தான் ஆண்டவரைத் தெரிந்துகொள்வார்கள் என்பது அவர் நினைப்பு. அந்த நினைப்போடுதான் சட்டை போடுவார், அந்த நினைப்போடுதான் கடைக்குப் போய் ஆசை இருந்தும் வெற்றிலை வாங்காமல் திரும்புவார்.

எனக்கும் அண்ணனுக்கும் பிறகு, வெகுநாள் கழித்து, ஒரு தம்பி பிறந்தான். பல் முளைக்கிற வயதில், பாத்திகளில் தண்ணீர் கட்ட ஆரம்பித்த தை மாதத்தில், காய்ச்சல் கண்டது. நாட்டு மருந்து, ஜெபம், எண்ணெய் பூசுதல் எல்லாம் முடிந்து, கடைசியில் வாடகைக் கார் பிடித்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் அம்மா மடியிலேயே அடங்கிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பியதும் உப்பளத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மீன்காரம்மா வந்துவிட்டார். கடற்கரைக் குப்பத்திலிருந்து தினம் எங்கள் தெருவுக்குக் கூடை தூக்கி வருகிறவர். கூடையை வாசலில் போட்டார், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார், ஒப்பாரியை எடுத்தார். அம்மாவும் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அப்பா உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

"ஒப்பாரி வேணாம். எங்களுக்கு நம்பிக்கை இருக்குது. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி நாங்க அழக் கூடாது. புள்ள ஆண்டவர்கிட்ட இருக்கான்."

மீன்காரம்மா மூக்கைச் சிந்தினார். "இருக்கட்டும்பா. அங்க இருக்கான், சரி. இங்க இல்லியே?"

அப்பா தெருவைக் கையால் காட்டினார். அத்தனை பேரும் எழுந்து போனார்கள். அம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பிறகு மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அந்த வாரம் ஆராதனையில் அப்பா எழுந்து சாட்சி சொன்னார். ஆண்டவர் கொடுத்த பிள்ளையை ஆண்டவரே எடுத்துக்கொண்டார், அவருக்கு நன்றி என்றார். கண்ணில் பொட்டு ஈரமில்லை. "பக்தன்னா இப்படி இருக்கணும்" என்று, ஊரிலேயே தங்கிச் சபையைக் கவனித்துவந்த உபதேசியார் எல்லார் முன்னாலும் சொன்னார். நண்பனின் கல்லறை வாசலில் நின்று அந்த ஆண்டவரே அழுதார் என்று அதே உபதேசியார்தான் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பாடம் எங்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

அத்தோடு விட்டாரா அப்பா? உத்தரத்தில் தொங்கிய தூளியை அவிழ்த்தார். அந்தச் சேலையைத் தானே துவைத்துக் காயப்போட்டார். தம்பியின் துணிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, உபதேசியார் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறதே என்று கொண்டுபோய்க் கொடுத்தார். "கண்ணுல படாம இருந்தா அம்மா மறந்துடுவா" என்று எங்களிடம் ரகசியமாகச் சொன்னார். மறந்து போக அது என்ன பஸ்ஸில் விட்டுவந்த குடையா? ஆனால் அவர் அன்பாகத்தான் செய்தார். எரிச்சல் அதனால்தான் இன்னும் கூடுகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியது எங்களுக்கே சில நாள் கழித்துத்தான் உறைத்தது. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு வரும், துவைத்த வேட்டி வரும், வெந்நீர் வரும். பேச்சு மட்டும் எங்கள் வழியாகப் போகும்.

"அப்பாவ சாப்பிட வரச் சொல்லு."

அப்பா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "அப்பா, சாப்பிட வரச் சொல்றாங்க" என்பேன்.

"வர்றேன்னு சொல்லு."

"வர்றாங்களாம்மா."

அண்ணனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. செய்தியில் தன் சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பான். "பசங்களுக்கு முட்டை வாங்கிட்டு வரச் சொல்றாங்கப்பா" என்பான். அம்மா மறுக்கமாட்டாள், அப்பா கேட்டுச் சரிபார்க்கமாட்டார். அந்தப் பருவத்தில் நாங்கள் தின்ற முட்டைக்குக் கணக்கே இல்லை.

குழம்பில் உப்பு நின்றுபோனது. வீட்டுக் கொல்லையில் மூட்டை மூட்டையாக உப்பு, தட்டில் சப்பென்ற குழம்பு. அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரோ குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்துபோவார். அண்ணன்தான் கொல்லைக்குப் போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வருவான். அந்த உப்பில் மண் நறநறக்கும்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு அப்போது அது வேடிக்கையாக இல்லை. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் அப்பாவிடம் பேச்சு நின்றது. அப்புறம் மாவாட்டும்போது பாடுகிற பாட்டு நின்றது. அப்புறம் அக்கம்பக்கம் போவது நின்றது. கிளியனூரிலிருந்து மாமா வந்து, "ரெண்டு நாள் எங்க ஊட்ல வந்து இருந்துட்டு வாயேன்" என்று கூப்பிட்டார். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாசி முடிவதற்குள், நான் தலை பின்னச் சொல்லிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். நான் "அம்மா" என்றால் யாரோ கூப்பிட்டதுபோல வாசலைப் பார்ப்பாள். தட்டில் சோறு காய்ந்துபோகும். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அம்மாவும் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். யாரிடம் சொல்வது? சொன்னால் ஜெபம் பண்ணு என்பார்கள். பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு திண்டிவனத்திலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். மனதில் பகையோடு அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கக் கூடாது என்பதால், முந்தின சனிக்கிழமை உபதேசியார் வீடு வீடாக வந்து விசாரிப்பார். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஆண்களிடம் மட்டும்தான் கேட்பார்.

"தோத்திரம். வீட்ல சமாதானமா?"

"ஆண்டவர் கிருபையில சமாதானம்தாங்க ஐயா."

அவ்வளவுதான். காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சண்டைச் சத்தம் தெருவில் கேட்ட வீடாக இருந்தால் மட்டும் புருஷனையும் பெண்டாட்டியையும் நிறுத்தி, கையைப் பிடிக்கச் சொல்லி ஜெபம் பண்ணுவார். எதிர் வீட்டுத் தச்சரும் அவர் மனைவியும் அப்படி நிற்காத மாதமே இல்லை. சட்டி பறக்கும், சாயங்காலம் ஒரே தட்டில் கடலை கொறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சபையில் கெட்ட பெயர். எங்களுக்கு நல்ல பெயர். காதை மட்டும் நம்பிச் சமாதானத்தை அளந்தால் அப்படித்தான் ஆகும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு உபதேசியாரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழந்தை மேல் மஞ்சள் சட்டை. நெஞ்சில் ஒரு வாத்து. போர்டிங்கில் படித்தபோது கற்ற கைத்தையலில் அம்மா தம்பிக்காகப் போட்ட வாத்து அது. குழந்தை அதன் மேல் எச்சில் வடித்துக்கொண்டிருந்தது. "பாருங்கக்கா, அளவெடுத்த மாதிரி இருக்குது!" என்று அந்த அம்மா பூரித்துப் போனார். அந்த நல்ல மனுஷிக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும், நான் மன்னிக்கத்தான் பார்க்கிறேன். அம்மா, "நல்லாருக்குது" என்றாள். அப்புறம் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சித்திரையில் குடும்ப ஞாயிறு வந்தது. சண்டையில்லாத வீடு என்று எங்களை மாதிரிக் குடும்பமாகத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னால் வரிசையாக நிற்க வைத்தார்கள். அப்பா நடுவில். போதகர் அம்மாவைப் பார்த்து, "அம்மா, உங்க வீட்ல இவ்ளோ சமாதானம் இருக்குதே, அதுக்கு என்ன காரணம்? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

அம்மா அவர் நீட்டிய மைக்கைப் பார்த்தாள். "நாங்க பேசிக்கிறது இல்லீங்க ஐயா. அதான்."

சபை கொல்லென்று சிரித்தது. போதகர் வயிறு குலுங்கச் சிரித்தார். தச்சர் தொடையைத் தட்டிக்கொண்டு, "இது நமக்குத் தெரியாம போச்சே!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். எவ்வளவு அடக்கம், எவ்வளவு நகைச்சுவை என்று வெளியே வந்த பிறகும் பேசிக்கொண்டார்கள். ஒரு பெண் இத்தனை பேர் முன்னால் நின்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள், ஒருத்தருக்கும் அது காதில் விழவில்லை. கண்ணாடி போட்ட வசனப் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

கத்திரி வெயிலில் உப்பு நன்றாக விளைந்தது. வாரிய உப்பை வரப்பு மேல் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள், லாரிக்காகக் காத்திருந்தது. மேலே போட வேண்டிய கீற்று இன்னும் வந்து சேரவில்லை. ஒரு மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. மழை வருமா வராதா என்று விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டது.

வீட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்து கீற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். அம்மாவும் ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைக் குவியல்கள் அரிசிமாவு கரைகிற மாதிரி கரைந்து, பாத்திக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் செய்வதறியாமல் நின்றார்கள். அப்பா வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அழுதார். சும்மா கண் கலங்குவது இல்லை. ஓவென்று, மாடு கத்துகிற மாதிரி.

அம்மா தலையிலிருந்த கீற்றைச் சேற்றில் வீசினாள்.

"புள்ளைக்கு அழுவாத கண்ணு உப்புக்கு அழுவுதா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் நேராக அவரிடம் பேசிய பேச்சு அதுதான். என்னையும் அண்ணனையும் நடுவில் வைக்காமல் பேசிய பேச்சு. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "எம் புள்ளைய பொதைச்சிட்டு வந்து நன்றின்னு சொன்னியே, இன்னாத்துக்கு நன்றி? என்னை வாயத் தொறக்க வுடல. அவன் துணியக்கூட வுட்டு வெக்கல. இப்ப உப்பு கரைஞ்சா உனக்கு நெஞ்சு வெடிக்குதா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மூக்கும் வாயும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"உப்புக்கு அழுதா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்டி."

அம்மாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் அவரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள் என்று நினைக்கிறீர்களா? தோளிலும் முதுகிலும் முஷ்டியால் மொத்து மொத்தென்று மொத்தினாள். ஆட்கள் நைசாக நழுவிப் போனார்கள். அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு பம்ப்செட் கொட்டகைக்குள் போனான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விடிந்தால் சண்டை, விளக்கு வைத்தால் சண்டை. தூளியை எதற்கு அவிழ்த்தாய்? முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை? சாட்சி சொல்ல யார் சொன்னது? "ஊரு நம்மளப் பாக்குதுன்னு உபதேசியார் சொன்னாரு" என்று அப்பா சொன்னதற்கு, "பாக்கட்டுமே! புள்ள செத்த வீடு எப்படி இருக்கும்னு ஊருக்குத் தெரியாதா?" என்று அம்மா கத்தியது தச்சர் வீட்டைத் தாண்டிக் கேட்டது. தச்சர் மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் சும்மா இல்லை. நான் மட்டும் கல்லா, நீ என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாயா, தினம் பாத்திக்குப் போய் அங்கே யாருக்கும் தெரியாமல் நான் என்ன பாடு பட்டேன் என்று அவரும் கத்தினார். நடுநடுவே இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. குழம்பில் உப்பு வந்தது. ஒருநாள் கூடுதலாகவே விழுந்து கரித்தது. அதற்கும் ஒரு சண்டை. அன்று அம்மா தன் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை உபதேசியார் வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் வழக்கம்போலவே கேட்டார்.

"தோத்திரம். வீட்ல சமாதானமா?"

"இல்லீங்க ஐயா" என்றார் அப்பா.

உபதேசியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னங்க இது. நீங்க மூப்பரு. மாதிரிக் குடும்பம்னு சபையே சொல்லுது. அம்மாவக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் கையப் புடிங்க, ஜெபம் பண்ணிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். "ரெண்டு நிமிஷத்துல முடியாதுங்க ஐயா. எங்களுக்கு இன்னும் நெறைய இருக்குது."

அப்புறம் வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. அந்த மஞ்ச சட்டைய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் உங்க புள்ள போட்டுக்கட்டும்."

உபதேசியார் எழுந்து போனார். பொழுது சாய்வதற்குள் அவரே சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் திருவிருந்து. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்காருவது வழக்கம். எல்லாரும் வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். தச்சரும் மனைவியும்கூடப் போனார்கள், எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. பகையோடு எடுக்கக் கூடாதே, ஆண்கள் பாயில் பெரியவர்களில் அப்பா மட்டும் மிஞ்சினார். பெண்கள் பாயில் அம்மாவும் அவளை ஒட்டி நானும். பாட்டு தொடங்கியது. அம்மா வாயைத் திறந்தாள். அவள் பாடப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். தம்பியைக் கொஞ்சுகிற பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அடக்காமல், மீன்காரம்மா அன்று எடுத்த அதே ராகத்தில், மார்பில் அடித்துக்கொண்டு.

என்ன செய்தார்கள் தெரியுமா சபையில்? பாட்டைச் சத்தமாகப் பாடினார்கள். ஆர்மோனியக்காரர் துருத்தியை இன்னும் வேகமாக அழுத்தினார்.

அப்பா எழுந்தார். வாசல் பக்கம் போகிறார் என்று நினைத்தேன். நடுவில் இருந்த வழியைத் தாண்டி, அத்தனை பேர் பார்க்க, பெண்கள் பக்கம் வந்து நின்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மா அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தாள். "இது பொம்பளைங்க பக்கங்க."

"தெரியுது" என்றார் அப்பா. "கொஞ்சம் நகந்து உக்காரு."

அம்மா என்னையும் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள்.